தலைச்சுற்றுக்கும் ஒரு சங்கம் வேண்டும்

தலைச்சுற்று என்று தோட்ட டிஸ்பென்சரிக்கு வரும் கொழுந்துக்காரப் பெண்ணுக்குப் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குளிசையும் நன்றாகச் சாப்பிடச் சொல்லும் அறிவுரையும் கிடைக்கின்றன. அதில் குறை சொல்ல முடியாது. மலையகப் பெண்களிடம் இரத்தச்சோகைதான் முதலில் சந்தேகிக்கப்பட வேண்டியது. ஆனால் குளிசை முடிந்து, இரத்தப் பரிசோதனையும் பரவாயில்லை என்று வந்த பிறகும் சிலருக்குத் தலைச்சுற்று நிற்பதில்லை. பெரட்டுக்களத்தில் பேர் போட்டு முடியும்வரை நிற்பதற்குள் கண் இருட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது, கால் துவள்கிறது. உட்கார்ந்தால் தெளிகிறது, எழுந்தால் மறுபடியும் அதே கதை. இப்படிப்பட்டவளுக்கு அடுத்ததாகக் கிடைப்பது மருந்தன்று, பட்டப்பெயர். வேலைக்கள்ளி என்பார் கங்காணி. பயந்திருக்கிறாள், கோடாங்கியிடம் காட்ட வேண்டும் என்பார்கள் வீட்டில். மனதில் ஏதோ கவலை என்பார் வைத்தியர். மூன்று பேருமே அவளது நரம்பைப் பார்க்கவில்லை.

நாம் எழுந்து நிற்கும்போது ஏறத்தாழ அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. அது அங்கேயே தேங்கிவிடாமல் இரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தைச் சற்று விரைவுபடுத்தி, மூளைக்குப் போகும் இரத்தத்தைக் காப்பது தன்னாட்சி நரம்புத் தொகுதியின் வேலை. நாம் நினைக்காமலே நடக்கும் இந்த வேலை பிசகினால் இரண்டில் ஒன்று நடக்கும். நின்ற 3 நிமிடங்களுக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறையலாம். நீண்டகால நீரிழிவால் நரம்பு கெட்டவர்களிடமும், சில பிரஷர் குளிசைகளை எடுக்கும் முதியவர்களிடமும் இதைக் காணலாம். அல்லது அழுத்தம் அவ்வளவாகக் குறையாமல் இதயம் மட்டும் ஓட்டமெடுக்கலாம். நின்ற 10 நிமிடங்களுக்குள் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30 கூடி (பதின்வயதினருக்கு 40), அதனோடு சேர்ந்த தொல்லைகள் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அதற்கு பொட்ஸ் என்று பெயர். 1993இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த வைத்தியர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள். நோய் அதைவிடப் பழையது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்களிடம் இதைப் போன்றதொரு நிலையை டா கொஸ்டா என்ற வைத்தியர் 1871இலேயே விவரித்திருக்கிறார். கொவிட் தொற்றுக்குப் பிறகு உலகெங்கும் இதன் எண்ணிக்கை கூடியிருக்கிறது. இது உயிரைப் பறிக்கும் நோயன்று. முற்றாகக் குணமாக்கும் மருந்தும் கிடையாது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாழப் பழக வேண்டியது.

இந்த நோயைப் பற்றிய மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று 2019இல் வெளியானது. 4,835 நோயாளிகள் பதில் சொன்ன அந்த ஆய்வில் 94 சதவீதத்தினர் பெண்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பதின்வயதிலேயே நோய் தொடங்கியிருக்கிறது. நோய் இன்னதென்று தெரிவதற்குப் பாதிப் பேருக்கு இரண்டு ஆண்டுகளோ அதற்கும் மேலோ பிடித்திருக்கிறது. இன்னொரு எண்ணும் அதில் இருக்கிறது: பதில் சொன்னவர்களில் 93 சதவீதத்தினர் வெள்ளையர். இதைப் படித்து, நம் பெண்களுக்கு இந்த நோய் வராது என்று நினைத்தால் அது பேதைமை. யாரிடம் இணைய வசதியும், ஆங்கிலமும், தன் பேச்சைக் கேட்கும் வைத்தியரும் இருந்தார்களோ அவர்கள் எண்ணப்பட்டார்கள். கூடை சுமந்து சரிவில் நிற்பவளை யாரும் எண்ணவில்லை. எண்ணுவதற்குப் பெரிய செலவும் இல்லை. நோயாளியைப் படுக்கவைத்த மேசையை நிமிர்த்திப் பார்க்கும் சாய்மேசைப் பரிசோதனைக்குப் பெரிய வைத்தியசாலைகளைத் தேடிப் போக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் முதற்கட்டச் சல்லடைக்கு ஒரு கட்டில், ஒரு பிரஷர் கருவி, ஒரு கடிகாரம் போதும். ஐந்து நிமிடம் படுக்க வைத்து நாடியையும் அழுத்தத்தையும் எழுதிக்கொண்டு, பிறகு எழுந்து நிற்கச் சொல்லிப் பத்து நிமிடத்துக்கு இடைவெளி விட்டு எழுதினால், சந்தேகப்பட வேண்டியவர் யார் என்று தெரிந்துவிடும். தோட்ட மருத்துவ உதவியாளரால் செய்ய முடியாத காரியம் இதில் எதுவும் இல்லை.

வைத்தியரின் பங்கு அதிகம் நோயைக் கண்டுபிடிப்பதில்தான். அதற்குப் பிறகு வாழும் கலையை இந்த நோயாளிகள் உலகெங்கும் ஒருவரிடமிருந்து ஒருவர்தான் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். கட்டிலை விட்டு இறங்குமுன் ஒரு பெரிய குவளை தண்ணீர் குடிப்பது, படுத்த நிலையிலிருந்து உட்கார்ந்து சற்றுப் பொறுத்து எழுவது, வயிறு முட்ட ஒரே வேளையில் உண்ணாமல் பிரித்து உண்பது, சுடுநீர்க் குளியலைச் சுருக்கிக்கொள்வது, கண் இருட்டத் தொடங்கியதும் கால்களைப் பின்னி இறுக்கிக் கைமுட்டியை மடக்குவது என்று அந்தப் பாடம் நீளும். இவை பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கத்தக்கவை அல்ல. அடிக்கடி மயங்கி விழுபவர்கள் 223 பேரை வைத்து நடந்து 2006இல் வெளியான ஒரு சோதனையில், கால் பின்னி இறுக்குவது போன்ற உத்திகளைக் கற்றவர்களில் 32 சதவீதத்தினரே மறுபடி மயங்கினார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் அது 51 சதவீதம். காசில்லாத, பக்கவிளைவில்லாத ஒரு வித்தைக்கு இது பெரிய பலன். அதிலும் இது பார்த்துப் பழக வேண்டிய வித்தை. துண்டுப் பிரசுரத்தில் படித்து வருவதைவிட, தெரிந்த ஒருத்தி பக்கத்தில் நின்று செய்துகாட்டினால் சீக்கிரம் வரும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இந்த ஆலோசனைகளெல்லாம் தன் நேரமும் தன் தண்ணீரும் தன் கழிப்பறையும் தன் கையில் உள்ளவர்கள் தங்களைப் போன்றவர்களுக்குச் சொன்னவை. ஒவ்வொன்றையும் எடுத்து ஹட்டனையோ நுவரெலியாவையோ சேர்ந்த ஒரு மலையில் வைத்துப் பார்க்க வேண்டும். நாளுக்கு இரண்டு மூன்று லீற்றர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது முதல் விதி. கொழுந்து மலையில் பெண்களுக்கு மலசலகூடம் அநேகமாக இல்லை. காலையில் ஏறினால் பகல் சாப்பாட்டுக்கு இறங்கும்வரை தேயிலைச் செடி மறைவுதான் கதி. கங்காணியும் ஆண், நிறுவைக்கு நிற்பவரும் ஆண். ஆகவே அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறாள். அது அறியாமையால் நேர்வதன்று, மானத்துக்காகப் போடும் கணக்கு. தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்வது, குடித்த தண்ணீரை எங்கே கழிப்பது என்பதற்குப் பதில் வைத்திருப்பவருக்கு மட்டுமே உரியது. மெதுவாக எழு, அடிக்கடி உட்கார் என்பது அடுத்த விதி. நாளொன்றுக்கு 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் ஒரு நிறையை எட்டாவிட்டால் அரைப்பேர். அரைப்பேர் என்றால் அரைச் சம்பளம். கொழுந்து குறைவாக வரும் மாதத்தில் பத்து நிமிட இளைப்பாறலுக்கு விலை இருக்கிறது. மதியம் ரொட்டியும் சம்பலும் வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே சரிவில் ஏறும்போது இரத்தம் குடலுக்கு அதிகம் போகிறது, தலைக்குப் போவது குறைகிறது. இரண்டாகப் பிரித்துச் சாப்பிடலாம்தான், அதற்கு இன்னொரு இடைவேளை வேண்டும். லயத்திலும் இதே கதைதான். அடுப்படியில் குந்தியிருந்து எழுவது, குளிர் தாங்காமல் விறகடுப்பில் காய்ச்சிய சுடுநீரில் குளித்துவிட்டு நிமிர்வது, இரவு இரண்டு மணிக்கு இருட்டில் வெளிக் கழிப்பறைக்குப் படியிறங்குவது எல்லாமே இந்த நோயாளிக்கு விழும் இடங்கள்.

சம்பள முறை இதை இன்னும் கூர்மையாக்குகிறது. 2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளமாகச் சொல்லப்பட்ட 730 ரூபாயில் அடிப்படை 500தான். மிச்சத்தில் வருகைக்கு 60, உற்பத்திக்கு 140 என்று ஒட்டவைக்கப்பட்டிருந்தது. 2019 ஒப்பந்தத்தில் அந்த இரண்டு படிகளும் போயின. 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக 1,000 ரூபாய், 2024இல் அடிப்படை 1,350 ரூபாய் என்று வந்த பிறகு, 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அடிப்படையை 1,550 ஆக உயர்த்தி, அரசாங்கத்தின் பங்காக 200 ரூபாய் வருகை ஊக்கத்தையும் சேர்த்தது. உயர்வு வரவேற்கத்தக்கது. ஆனால் வருகைக்குக் கொடுக்கும் காசு, இன்று நன்றாகவும் நாளை படுக்கையிலும் இருக்கிற நோயாளியிடமிருந்து கழிக்கும் காசும்தான். தொடர்ந்து ஒரே அளவில் இருக்கும் நோயைச் சம்பள முறை ஓரளவு புரிந்துகொள்ளும். ஏறி இறங்கும் நோய் அதற்குப் புரியாது.

என் வாதம் இதுதான். மலையகத்தில் நோயாளிக்கு நோயாளி சொல்லும் ஆலோசனை தனியாளின் காதில் ஓதப்படும் குறிப்பாக இருந்தால் பயன் குறைவு. அது ஒரு கொழுந்துக் கூட்டத்துக்குள், நாலைந்து பெண்கள் சேர்ந்து பேசிச் சேர்ந்து கேட்கும் அமைப்பாக இருந்தால்தான் வேலை செய்யும். தண்ணீர் குடி என்று சொல்லும் அதே வாய், மலையில் கழிப்பறை வேண்டும் என்று தோட்ட நிர்வாகத்திடமும் சொல்ல வேண்டும். முதல் வாக்கியத்தை ஒருத்தி சொல்லலாம். இரண்டாவதை ஒருத்தி சொன்னால் மறுநாள் அவளுக்குத் தூர மலை கிடைக்கும்.

இதற்குச் சான்று அண்டை நாடுகளில் இருக்கிறது, அதை நேர்மையாகப் படிக்க வேண்டும். நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் கிராமத்துப் பெண்கள் மாதமொரு முறை கூடிப் பேசிய குழுக்கள் இருந்த இடங்களில் பச்சிளங்குழந்தை இறப்பு 30 சதவீதம் குறைவாக இருந்ததை 2004இல் லான்செட் இதழ் வெளியிட்டது. 2010இல் ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ஏக்ஜுட் அமைப்பின் குழுக்கள் 32 சதவீதக் குறைவைக் காட்டின. அங்கே குழுவை நடத்தியவர் வைத்தியர் அல்லர், உள்ளூர்ப் பெண். மக்வான்பூரில் அவர்கள் பேசியதோடு நிற்கவில்லை. அவசரத்துக்குப் பணம் சேர்த்தார்கள், நோயாளியைத் தூக்கிச் செல்லத் தூக்குப்படுக்கைக்கு ஏற்பாடு செய்தார்கள். மறுபக்கம், கேரளத்தின் நெய்யாற்றின்கரையில் நீரிழிவைத் தடுக்கச் சக மக்களின் துணையோடு நடந்த பெரிய சோதனையின் முடிவு 2018இல் வந்தபோது, இரண்டு ஆண்டுகளில் துணைபெற்றவர்களில் 14.9 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 17.1 சதவீதத்தினருக்கும் நீரிழிவு வந்திருந்தது. அந்த வேறுபாடு தற்செயல் அல்ல என்று அடித்துச் சொல்லப் புள்ளிவிவரம் இடந்தரவில்லை. சகபாடி ஆலோசனை எல்லாவற்றையும் சாதிக்கும் என்று மேடையில் முழங்குவோர் இந்த எண்களையும் மனதில் வைத்திருக்க வேண்டும். இவற்றிலிருந்து நான் எடுக்கும் பாடம் ஒன்று உண்டு. பழக்கத்தை மாற்று என்று ஒவ்வொருவராகச் சொல்லும் குழுவைவிட, சூழலில் எதையாவது மாற்றக் கைகோத்த குழு அதிகம் சாதித்திருக்கிறது. நோய்கள் வேறு, இடங்கள் வேறு என்பதால் இதைச் சட்டமாக்க முடியாது. ஆனாலும் பந்தயம் கட்ட வேண்டுமென்றால் நான் இரண்டாவதன் மீதுதான் கட்டுவேன்.

முதல் எதிர்வாதம் வைத்தியத் துறையிலிருந்து வரும், அது பலமானது. பொட்ஸ் நோயாளிக்கு உப்பைக் கூட்டச் சொல்கிறார்கள், சில வழிகாட்டிகள் நாளுக்கு 10 கிராம் வரை போகின்றன. உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் சொல்வது 5 கிராமுக்குக் குறைவு. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏராளமாக இருக்கும் லயத்தில், "எனக்கு உப்புப் போட்டதும் சரியாச்சு, நீயும் போட்டுக்க அக்கா" என்ற ஒரு வாக்கியம் பக்கத்துக் காம்பராவில் பக்கவாதத்தைக் கொண்டுவரலாம். தலைச்சுற்று கர்ப்பமாகவும் இருக்கலாம், தைரொய்ட் கோளாறாகவும் இருக்கலாம், இதய நோயாகவும் இருக்கலாம். இந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இதற்கு விடை வாயை மூடுவதன்று, வரிசையை ஒழுங்குபடுத்துவது. இரத்தப் பரிசோதனையும் நின்றுபார்க்கும் பரிசோதனையும் முடிந்து, வைத்தியர் எழுதித் தந்த பிறகே உப்புப் பேச்சு. கால் பின்னுவது, மெதுவாக எழுவது, கண் இருட்டினால் உடனே குந்துவது போன்றவற்றுக்கு அந்தக் காத்திருப்பு வேண்டியதில்லை. எதைத் தோழி சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்ற இந்தக் கோட்டைப் பயிற்சியில் வரைந்துவிட முடியும். சாதாரண ஊழியர்களால் இப்படியொரு கோட்டுக்குள் நின்று பணிசெய்ய முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் கிராமங்களில் 2,645 பேரை வைத்து நடந்து 2020இல் முடிவு வெளியான ஆய்வில், சமூக சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகப் போய் பிரஷர் பார்த்து, ஆலோசனை சொல்லி, தேவையானவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு முடிவில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களுடைய இரத்த அழுத்தம் சராசரியாக 5 அலகு கூடுதலாக இறங்கியிருந்தது. சொல்லக் கூடாதென்று தடுத்தாலும் பெண்கள் நிறுவைக்குக் காத்திருக்கும்போது ஒருவருக்கொருவர் சொல்லத்தான் போகிறார்கள். சரியாகச் சொல்லக் கற்பிப்பதா இல்லையா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

பசியும் இரத்தச்சோகையும் தீராத இடத்தில் பணக்கார நாட்டு நோய்க்குக் குழு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. இந்தக் கேள்வி நியாயமாகத் தோன்றுகிறது, ஆனால் அந்த அளவுக்கு அதில் தர்க்கம் இல்லை. நின்றுபார்க்கும் பரிசோதனைக்கு வருபவர்களில் பலருக்கு இரத்தச்சோகைதான் இருக்கும். அது சரியாகப் பிடிபடும், குளிசை உடலில் சேர்கிறதா என்பது கவனிக்கப்படும். நீரிழிவால் நரம்பு கெட்ட அறுபது வயதுக்காரர் பிடிபடுவார், அவருடைய பிரஷர் குளிசையின் அளவு திருத்தப்படும். மலைக்குக் கழிப்பறை வந்தால் சிறுநீர்த் தொற்றால் அவதிப்படுபவளும் மாதவிடாய்க்காரியும் கர்ப்பிணியும் பயனடைவார்கள். அதிகம் அறியப்படாத நோயொன்றுக்காகத் திறக்கும் கதவு வழியே பொது நோய்கள் பலவும் உள்ளே வரும். பெண்களின் பொது உடல்நலப் பரிசோதனைக்காக 1996 முதல் நடந்துவரும் சுவநாரி கிளினிக்குகள் 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களைப் பார்க்கின்றன. பொட்ஸோ பலருக்குப் பதின்வயதிலேயே தொடங்குகிறது. பாடசாலைக் காலைக்கூட்டத்தில் அடிக்கடி சரிந்து விழும் பிள்ளையை எந்தக் கிளினிக்கும் தேடி வருவதில்லை என்ற ஓட்டையும் இப்போதே தெரிகிறது.

கம்பனிகளின் ஆட்சேபம் வேறு வகை. ஆளே கிடைக்காத காலத்தில் இதைச் சாட்டாக வைத்து எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள் என்பார்கள். ஆள் கிடைக்காமைக்கு ஒரு காரணமே, உடம்பு முடியாதவர்களுக்கு மலையில் இடமில்லை என்பதுதான். நாற்பது வயதில் கூடையை வைத்துவிட்டுக் கொழும்பு வீடுகளுக்குப் போகும் பெண்ணைப் பத்து நிமிட இடைவேளை தோட்டத்திலேயே நிறுத்துமென்றால் அந்தக் கணக்கு கம்பனிக்கும் இலாபம். நின்றுபார்க்கும் பரிசோதனையில் நாடியும் அழுத்தமும் எண்ணாக எழுதப்படுகின்றன, நடித்து ஏமாற்றுவது அவ்வளவு சுலபமன்று. கங்காணியின் ஊகத்தைவிட அந்தத் தாள் நிர்வாகத்துக்கும் பாதுகாப்பு.

எனக்கே அதிகம் உறுத்தும் ஆட்சேபம் நான்காவது. சுவரோடு சுவர் ஒட்டிய லயத்தில் ஒருத்திக்கு நரம்பு நோய் என்று தெரிந்தால் அவளுக்கு மாப்பிள்ளை வருமா? குழுவில் போய் உட்கார்வதே முத்திரை குத்திக்கொள்வதாகாதா? நகரத்து நோயாளி முகம் தெரியாதவர்களிடம் தன் கதையைச் சொல்லலாம். லயத்தில் அந்த மறைவு கிடையாது. ஆகவே நோயின் பெயரால் குழு அமைப்பது இங்கே தவறு என்று கருதுகிறேன். தலைச்சுற்று, மயக்கம், களைப்பு உள்ள எவரும் வரலாம் என்று வாசலை அகலமாக வைக்க வேண்டும். அப்படி வைத்தால் தோட்டத்தில் பாதிப் பெண்கள் வந்துவிடுவார்கள், அந்தக் கூட்டத்துக்குள் யாருக்கு என்ன நோய் என்பது டிஸ்பென்சரிப் புத்தகத்தில் மட்டும் இருக்கும்.

இப்படி ஒரு அமைப்பை எங்கிருந்து தொடங்குவது என்று தேட வேண்டியதில்லை. மரண உதவிச் சங்கத்தையும் சீட்டையும் கோயில் திருவிழாக் கமிட்டியையும் காலங்காலமாக நடத்திவரும் சமூகம் இது. மாதச் சந்தா, வரவு செலவு, முறைவைத்து உதவுவது எல்லாம் பழகிய காரியங்கள். தாய்மார் ஆதரவுக் குழுக்களை நடத்திய அனுபவம் சுகாதாரத் திணைக்களத்துக்கு இருக்கிறது. 2017இல் திறக்கப்பட்ட 150 கட்டில் கொண்ட டிக்கோயா வைத்தியசாலையும் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையும் சந்தேகத்துக்குரியவர்களை அனுப்பும் இடங்களாக இருக்கலாம். அங்கே வாரத்தில் ஒரு நாள், தமிழில் பேசும் ஒருவர் இந்தப் பரிசோதனைக்கென்று இருந்தால் போதும். தொழிற்சங்கங்கள் செய்ய வேண்டியது இன்னும் குறிப்பானது. உறுப்பினரில் பெண்கள் அதிகமாகவும் மேசையில் ஆண்கள் அதிகமாகவும் இருந்து வருவதால், இதுவரையான சம்பளப் பேச்சுகள் ரூபாயைச் சுற்றியே நடந்திருக்கின்றன. அடுத்த பேச்சில் மூன்று வரிகள் எழுதப்படட்டும்: ஒவ்வொரு மலையிலும் நடந்துபோகும் தூரத்தில் பெண்களுக்குக் கழிப்பறையும் குடிநீரும், வைத்தியச் சான்று உள்ளவருக்கு நிறையில் சலுகையும் காலையிலும் மாலையிலும் உட்காரும் இடைவேளையும், அவர் வராத நாளுக்கு வருகை ஊக்கம் வெட்டப்படாமை. முதல் இரண்டையும் கம்பனிகளிடம் கேட்க வேண்டும். மூன்றாவதில் பணம் அரசாங்கத்தினுடையது என்பதால் அதற்குக் கம்பனிகளின் சம்மதத்துக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.